சோடியம் குறைந்தால் தண்ணீரை ஏன் குறைக்கச் சொல்கிறார்கள்? – வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

உடம்பில் நீரும் உப்பும் பற்றித்தான் இந்த முறை கடிதங்கள் அதிகம் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் ஒரே சந்தேகத்தை வேறு வேறு விதமாகக் கேட்பவை. அதனால் சில கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் சொன்னதை மாற்றிக்கொள்வதற்காக இதைப் படிக்காதீர்கள். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. இதயம் பலவீனமாக இருக்கிறது என்று மருந்து சாப்பிடுகிறார். இரண்டு காலும் வீங்கியிருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் சோடியம் 126 என்று வந்தது. உப்பு குறைவு என்றால் உப்பைக் கூட்டத்தானே வேண்டும்? டாக்டரோ, உப்பையும் கூட்டாதீர்கள், தண்ணீரையும் அளந்து கொடுங்கள் என்கிறார். வீட்டில் எல்லோரும் குழம்பிப்போய் இருக்கிறோம்.

பதில்: உங்கள் குழப்பம் நியாயமானது. மருத்துவம் படிக்கிற பிள்ளைகளே இந்த இடத்தில்தான் முதலில் தடுமாறுவார்கள். ரிப்போர்ட்டில் வரும் அந்த 126, உடம்பில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்ற கணக்கு அல்ல. ஒரு லிட்டர் ரத்தநீரில் எத்தனை மில்லிமோல் சோடியம் கரைந்திருக்கிறது என்பது மட்டும்தான் அது. 135 முதல் 145 வரை இருந்தால் இயல்பு. அந்த எண் குறைவதற்கு இரண்டு வழி உண்டு. உப்பு உடம்பை விட்டுப் போயிருக்கலாம். அல்லது உப்பு அப்படியே இருக்க, ஏன், கூடியேகூட இருக்க, தண்ணீர் அதைவிட அதிகமாகச் சேர்ந்திருக்கலாம். உங்கள் அப்பாவுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இரண்டாவது. அந்தக் கால் வீக்கத்தை வைத்துத்தான் அப்படிச் சொல்கிறேன்.

அது எப்படி என்று கேட்பீர்கள். உடம்பில் உள்ள நீர் முழுவதும் ஒரே தொட்டியில் கிடப்பதில்லை. மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்கு உள்ளே இருக்கிறது, ஒரு பங்கு வெளியே. அந்த வெளிப் பங்கிலும் கால்வாசிதான் ரத்தக் குழாய்க்குள் ஓடும் பிளாஸ்மா, மீதி செல்களுக்கு இடையே, திசுக்களின் இடுக்குகளில் இருக்கிறது. சோடியத்தின் இடம் செல்லுக்கு வெளியேதான். செல்லின் சவ்வில் ஒரு பம்ப் இருக்கிறது. அது ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது, நாம் தூங்கும்போதும்கூட. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ 1957-இல் இதைக் கண்டறிந்தார், அதற்கு நோபல் பரிசு கிடைக்க 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சோடியம் இப்படி வெளியிலேயே நிறுத்தப்படுகிறது, ஆனால் தண்ணீருக்கு அந்தத் தடை கிடையாது. சவ்வைத் தாண்டி இரண்டு பக்கமும் அது போய்வரும், கரைபொருள் அடர்த்தி எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் போய் இரண்டையும் சமமாக்கும்.

இதிலிருந்து ஒன்று கிடைக்கிறது, மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் மொத்தம் எவ்வளவு சோடியம் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் செல்லுக்கு வெளியே உள்ள நீரின் கொள்ளளவு அமைகிறது. அது கூடினால் வீக்கம், எடை, மூச்சிரைப்பு, ரத்த அழுத்தம் என்று வெளியே தெரியும். ரிப்போர்ட்டில் உள்ள சோடியம் எண் சொல்வது வேறு, உப்போடு ஒப்பிட்டால் தண்ணீர் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பதை அது காட்டுகிறது. செல்கள் வீங்கியிருக்கின்றனவா சுருங்கியிருக்கின்றனவா என்பதும் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

இப்போது அப்பாவைப் பாருங்கள். இதயம் போதுமான அளவு ரத்தத்தை முன்னே தள்ளவில்லை. தமனிகளிலும் சிறுநீரகத்திலும் உள்ள உணர்விகள் இதை 'ரத்தம் போதவில்லை' என்று எடுத்துக்கொள்கின்றன, திசுக்களில் லிட்டர் கணக்கில் நீர் தேங்கி நிற்பது அவற்றுக்குத் தெரியாது. உடனே ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டீரோன் என்று ஹார்மோன்கள் வரிசையாகச் சுரந்து, உப்பை விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்கின்றன. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வாசோப்ரெசின் என்ற ஹார்மோனும் வருகிறது, அது தண்ணீரை விடாதே என்கிறது. உப்பும் சேர்கிறது, தண்ணீர் அதைவிட அதிகமாகச் சேர்கிறது. அதனால்தான் உடம்பில் உப்பு மிகுந்து கால் வீங்கியிருக்கும்போதே ரிப்போர்ட்டில் சோடியம் குறைந்து காட்டுகிறது. இந்த நிலையில் உப்பைக் கூட்டினால் வீக்கம்தான் கூடும், மூச்சு வாங்கும். தண்ணீரைக் குறைத்தால் எண் மெதுவாக ஏறும். உங்கள் டாக்டர் சொன்னது சரிதான்.

ஆனால் இதை அப்படியே பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். அதே 126, கடுமையான வாந்திபேதிக்குப் பிறகும் வரலாம், நீர் பிரியும் மாத்திரைகளில் சிலவற்றாலும் வரலாம். அப்போது நிஜமாகவே உப்பு போயிருக்கும், கால் வீங்காது, எழுந்து நின்றால் தலை சுற்றும், அவருக்குச் சலைன் தேவைப்படும். வீக்கமும் இல்லாமல், வறட்சியும் இல்லாமல், சில மருந்துகளாலோ நுரையீரல், மூளை நோய்களாலோ வாசோப்ரெசின் மட்டும் தேவையில்லாமல் சுரந்து எண் இறங்குவதும் உண்டு. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை மிக அதிகமாக ஏறினாலும் அது செல்களிலிருந்து நீரை வெளியே இழுத்து, சோடியத்தை நீர்க்கச் செய்து, எண்ணைக் கீழே காட்டும். எண் ஒன்றுதான், கதை நாலு. அதனால்தான் டாக்டர் முதலில் காலை அழுத்திப் பார்க்கிறார், நாக்கைப் பார்க்கிறார், கழுத்து நரம்பைப் பார்க்கிறார், படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ரத்த அழுத்தம் எடுக்கிறார். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து உப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் நீங்கள் தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன் அப்பாவின் எடையைப் பார்த்து எழுதி வையுங்கள். நாளுக்கு நாள் ஏறும் எடை கொழுப்பு அல்ல, நீர்தான். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் வீக்கம் கண்ணில் படும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவன். பேராசிரியர் பலகையில் ஒரு செவ்வகம் வரைந்து நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் செல்லுக்கு உள்ளே, மறுபக்கம் வெளியே என்று சொல்லி, தண்ணீர் சேர்த்தால் எது மாறும், சலைன் சேர்த்தால் எது மாறும், உப்பு மட்டும் சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்கிறார். விடைகளை மனப்பாடம் செய்துவிட்டேன், ஆனால் புரியவில்லை.

பதில்: மனப்பாடத்தை விட்டுவிடுங்கள் தம்பி, இது கணக்கு. அதுவும் வகுத்தலும் பெருக்கலும் மட்டும் தெரிந்தால் போதும்.

அந்தப் படத்துக்குப் பெயர் டாரோ–யானெட் படம். 1935-இல் டேனியல் டாரோவும் ஹெர்மன் யானெட்டும் விலங்குகளில் செய்த ஆய்விலிருந்து வந்தது. வயிற்று உள்ளறைக்குள் குளுக்கோஸ் கரைசலைச் செலுத்தி, உடம்பின் உப்பு அதற்குள் இறங்கும்வரை காத்திருந்து, பிறகு அந்தக் கரைசலை வெளியே எடுத்தார்கள். உடம்பின் மொத்த நீர் ஏறத்தாழ மாறவில்லை, உப்பு மட்டும் போயிருந்தது. அதற்கே செல்லுக்கு வெளியே உள்ள நீர் சுருங்கி, அந்த நீர் செல்லுக்குள் போய்விட்டது. ஒரு சொட்டு நீர்கூட இழக்காமலே ரத்த ஓட்டத்துக்கு நீர் பற்றாமல் போகலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். 70 கிலோ ஆண், மொத்த நீர் 42 லிட்டர், உள்ளே 28, வெளியே 14. இரண்டு பக்கமும் அடர்த்தி லிட்டருக்கு 290 மில்லிஆஸ்மோல் (கரைந்திருக்கும் துகள்களை எண்ணும் அலகு அது). உள்ளே கரைபொருள் 28 × 290 = 8120. வெளியே 14 × 290 = 4060. மொத்தம் 12180. படத்தில் அகலம் என்பது கொள்ளளவு, உயரம் என்பது அடர்த்தி. விதிகள் இரண்டே இரண்டு. நீர் சமநிலைக்கு வந்த பிறகு இரண்டு பக்க உயரமும் ஒன்றாகவே இருக்கும். சோடியம் வெளியேதான் இருக்கும், செல்லுக்குள் இருக்கும் கரைபொருள் உள்ளேதான் இருக்கும்.

வெறும் தண்ணீர் 3 லிட்டர் குடித்தார், சிறுநீராக எதுவும் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த நீர் 45. அடர்த்தி 12180-ஐ 45-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 271. உள்ளே 8120-ஐ 271-ஆல் வகுங்கள், 30 லிட்டர் வரும். வெளியே 15. அதாவது குடித்த 3 லிட்டரில் 2 லிட்டர் செல்லுக்குள் போய்விட்டது. இரண்டு அகலமும் கூடின, உயரம் இறங்கியது.

இப்போது அதே 3 லிட்டரைச் சாதாரண சலைனாக, அதாவது 0.9 சதவீத உப்புக் கரைசலாக ஏற்றுங்கள். அதன் அடர்த்தி உடம்பின் அடர்த்தியோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். நீரை இழுக்கவோ தள்ளவோ காரணமே இல்லை. அதனால் முழுவதும் வெளியிலேயே நிற்கும், வெளியே 17, உள்ளே அதே 28, உயரம் அதே 290.

மூன்றாவதாக, தண்ணீர் இல்லாமல் உப்பு மட்டும். 12 கிராம் சொச்சம் சாதாரண உப்பு சுமார் 420 மில்லிஆஸ்மோல் தரும். மொத்தக் கரைபொருள் 12600, நீர் அதே 42 லிட்டர், அடர்த்தி 300. உள்ளே 8120-ஐ 300-ஆல் வகுத்தால் 27 லிட்டர் சொச்சம். செல்களிலிருந்து ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் வெளியே வந்துவிட்டது, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமலே வெளிப்பக்கம் பெருத்துவிட்டது. இதைத் திருப்பிப் போட்டால் டாரோ–யானெட் ஆய்வு. உப்பை இழந்தால் வெளிப்பக்கம் சுருங்கும், செல்கள் வீங்கும். உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டீரோனைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி வேலை செய்யாதவர்களுக்கு இதுதான் நடக்கிறது.

வார்டில் தொங்கும் டிரிப்ஸ் பாட்டிலை இனி இந்தக் கண்ணோடு பாருங்கள். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் உள்ள சர்க்கரையை உடம்பு எரித்துவிடும், மிஞ்சுவது வெறும் தண்ணீர்தான். ஒரு லிட்டர் ஏற்றினால் மூன்றில் இரண்டு பங்கு செல்லுக்குள் போய், ரத்தக் குழாய்க்குள் நிற்பது 80 மில்லி சொச்சம்தான். ஒரு லிட்டர் சலைனில் 250 மில்லி ரத்தக் குழாயில் நிற்கும், மீதி திசு இடுக்குகளுக்குப் போகும். ரத்த அழுத்தம் விழுந்து கிடப்பவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் ஏன் போடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. காலராவால் வற்றிப்போய்க் கிடந்தவர்களுக்கு 1832-இலேயே ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா உப்புக் கரைசலை நரம்பு வழியே செலுத்திப் பார்த்தார். இந்தக் கணக்கு எதுவும் அப்போது கிடையாது, ஆனாலும் சரியான திரவத்தை நெருங்கிவிட்டார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

பிளாஸ்மாவுக்கும் திசு இடுக்குக்கும் நடுவே உள்ள எல்லை வேறு மாதிரி. அங்கே உப்பு தாராளமாகக் கடந்து போகும், அல்புமின் போன்ற புரதங்கள்தான் எளிதில் கடக்காது. ரத்த அழுத்தம் நீரை வெளியே தள்ள, புரதம் உள்ளே பிடித்துவைக்கிறது என்று 1896-இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் சொன்னார். அதை இன்னும் விரித்தால் வேறு கட்டுரை ஆகிவிடும், இப்போதைக்கு இவ்வளவு போதும்.

கேள்வி: ஒரு நாள் உப்பு அதிகமாகச் சாப்பிட்டுவிட்டால் மறுநாள் காலையில் எடை ஒரு கிலோவுக்கு மேல் கூடிவிடுகிறது. முகமும் உப்பியிருக்கிறது. இரண்டு மூன்று நாளில் பழைய எடை வந்துவிடுகிறது. இது கொழுப்பா, வேறு ஏதாவதா?

பதில்: கொழுப்பு ஒரே ராத்திரியில் அப்படி ஏறாது. மேலே மாணவருக்குச் சொன்ன மூன்றாவது கணக்கைத் தொடர்ந்தால் உங்கள் பதில் கிடைத்துவிடும். 12 கிராம் உப்பு உள்ளே போய் அடர்த்தி 300-க்கு ஏறியதும் மூளையில் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள உணர்வி செல்கள் சுருங்குகின்றன, ஒன்று இரண்டு சதவீத மாற்றமே அவற்றுக்குப் போதும். தாகம் எடுக்கிறது, வாசோப்ரெசின் சுரந்து சிறுநீரும் குறைகிறது. நீங்கள் தண்ணீர் குடிக்கிறீர்கள். அடர்த்தி மறுபடி 290-க்கு இறங்க சுமார் 1.4 லிட்டர் வேண்டும். குடித்து முடித்ததும் செல்கள் பழைய 28 லிட்டருக்கே திரும்பிவிடும், சேர்ந்த 1.4 லிட்டரும் வெளிப்பக்கம்தான் நிற்கும். எடையில் ஏறியது அதுதான். அப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் எண் இயல்பாகத்தான் இருக்கும், உப்பு உடம்பில் கூடியிருந்தும்கூட! முதல் கேள்விக்குச் சொன்ன பதிலையே உங்கள் எடை மெஷினும் சொல்கிறது.

தாகம் சில நிமிடங்களில் வேலை செய்யும், உப்பை வெளியேற்றுவதற்குத்தான் சிறுநீரகத்துக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். ஆல்டோஸ்டீரோன் மெல்ல இறங்க வேண்டும். இதய மேலறைகள் விரிவதால் சுரக்கும் ஒரு ஹார்மோனும் உப்பை வெளியே தள்ள உதவும். இதயம் வெறும் பம்ப் மட்டுமல்ல, ஹார்மோன் சுரக்கும் உறுப்பும்கூட என்பது 1981-க்குப் பிறகுதான் தெளிவாகத் தெரியவந்தது. இதயம், சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இந்த ஏற்ற இறக்கத்தால் பெரிய பாதிப்பு இல்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

கேள்வி: மாரத்தான் ஓடுகிறேன். தாகம் இல்லாவிட்டாலும் குடித்துக்கொண்டே இரு என்று சொன்னதால் வழியில் வைத்திருந்த ஒவ்வொரு மேசையிலும் நின்று தண்ணீர் குடித்தேன். முடித்த பிறகு தலைவலி, குமட்டல், வாந்தி. நீர் வற்றிவிட்டது என்று நண்பர்கள் இன்னும் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். அது சரியா?

பதில்: சரியில்லை. உயிருக்கே ஆபத்தாகியிருக்கும், நீங்கள் தேறிவந்ததில் எனக்கு ரொம்ப நிம்மதி. ஓட்டத்துக்கு முன்பு இருந்ததைவிட முடித்த பிறகு எடை கூடியிருந்தால், அது நீர் வறட்சியாக இருக்க முடியாது.

நன்றாக இருக்கும் சிறுநீரகம் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட அதிகப்படி நீரை வெளியேற்றும். ஆனால் நீண்ட ஓட்டத்தில் உடம்பின் அலுப்பு, வலி, குமட்டல் எல்லாமே வாசோப்ரெசினைச் சுரக்கவைக்கும். ரத்தம் நீர்த்துப்போயிருந்தாலும் அது நிற்காது. அப்போது குடிக்கிற தண்ணீர் வெளியேறாமல், மேலே போட்ட முதல் கணக்கின்படி மூன்றில் இரண்டு பங்கு செல்லுக்குள் போகிறது. கை கால் செல்கள் வீங்கினால் மோதிரம் இறுகும், அவ்வளவுதான். மூளை மண்டை ஓட்டுக்குள் இருக்கிறது, அது வீங்க இடம் எங்கே? அதனால்தான் தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு.

2002-இல் பாஸ்டன் மாரத்தான் முடிவில் 488 பேரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் 135 அல்லது அதற்குக் கீழே இருந்தது, 3 பேருக்கு 120-க்கும் கீழே. ஓடும்போது எடை கூடியிருந்ததுதான் இதற்கு மிக வலுவான அறிகுறியாக இருந்தது. விளையாட்டு வீரர்களுக்கென்று விற்கும் பானங்களும் இதிலிருந்து காப்பாற்றாது. அவற்றில் பெரும்பாலானவற்றின் சோடியம் ரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு குறைவு, நிறையக் குடித்தால் அதுவும் நீர்க்கத்தான் செய்யும்.

தாகத்துக்குக் குடியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஓட்டத்துக்குப் பிறகு குழப்பமோ, நிற்காத வாந்தியோ, வலிப்போ வந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே 3 சதவீத உப்புக் கரைசலை 100 மில்லி அளவில் நரம்பு வழியே கொடுப்பார்கள். அது மூளை செல்களிலிருந்து நீரை வெளியே இழுக்கும்.

கேள்வி: அம்மாவுக்குச் சோடியம் 112 என்று அட்மிட் செய்தோம். பேச்சு குழறியது. ஐந்து நாள் ஆயிற்று, ஒரு நாளைக்கு ஏழு எட்டு என்றுதான் ஏற்றினார்கள். நாலு மணிக்கு ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். ஒரே நாளில் ஏற்றத் தெரியாமல் இழுத்தடிக்கிறார்களோ என்று சண்டையே போட்டுவிட்டோம்.

பதில்: கண்ணெதிரே அம்மா அப்படிக் கிடந்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும். ஆனால் அங்கே நடந்தது நல்ல வைத்தியம். ஐந்து நாளும் அவ்வளவு கவனமாக ரத்தம் எடுத்துப் பார்த்தவர்களை நம்பலாம்.

சோடியம் மெதுவாக, நாள் கணக்கில் இறங்கும்போது மூளை செல்கள் சும்மா இருப்பதில்லை. உள்ளே வரும் நீரைக் குறைப்பதற்காகத் தங்களிடம் உள்ள பொட்டாசியத்தையும் வேறு சில சிறு கரைபொருள்களையும் வெளியே அனுப்பிவிடும். இரண்டு நாளில் இந்தச் சரிக்கட்டல் பெரும்பாலும் முடிந்துவிடும், வீக்கமும் தணியும். 112-இலும் ஒருவர் கண் திறந்து பேசுகிறார் என்றால் அதனால்தான். இதே 112 சில மணி நேரத்தில் வந்திருந்தால் வலிப்பு வந்திருக்கும்.

இப்போது சிக்கல் என்னவென்றால், வெளியே அனுப்பிய பொருள்களைத் திரும்ப உள்ளே சேர்க்க மூளைக்கு இன்னும் அதிக நாள் ஆகும். அதற்குள் நாம் அவசரப்பட்டுச் சோடியத்தை ஏற்றினால், கரைபொருள் குறைந்து நிற்கும் செல்லிலிருந்து நீர் வேகமாக வெளியேறி அது சுருங்கும். நரம்புகளைச் சுற்றியுள்ள மயலின் உறை, முக்கியமாக மூளைத்தண்டின் நடுப்பகுதியில், சிதைந்துபோகலாம். 1959-இல் ஆடம்ஸ், விக்டர், மன்கால் ஆகியோர் முதலில் எழுதிவைத்த நோய் இது, சோடியத்தை அவசரமாக ஏற்றுவதோடு அதற்குள்ள தொடர்பு பிற்பாடுதான் புரிந்தது. இதில் கொடுமை என்னவென்றால், சோடியம் ஏறியதும் நோயாளி தெளிவாகிவிடுவார், குடும்பமே மகிழும். அப்புறம் சில நாள் கழித்துப் பேச்சு, விழுங்குதல், கை கால் அசைவு எல்லாம் போகத் தொடங்கும். அதனால்தான் 24 மணி நேரத்தில் 8, மிஞ்சினால் 10 என்று எல்லை வைத்திருக்கிறார்கள். வலிப்பு இருந்தால் முதல் சில மணி நேரத்தில் 4 முதல் 6 வரை சட்டென ஏற்றுவார்கள், ஆபத்து விலக அது போதும். அடிக்கடி ரத்தம் எடுத்ததும் எண் தானாகத் துள்ளி ஏறிவிடாமல் பார்க்கத்தான், ஏறிவிட்டால் தண்ணீர் கொடுத்து இறக்கவேண்டியும் வரும். முடிந்தால் அந்த வார்டுக்குப் போய் ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

கேள்வி: குழந்தைக்குப் பேதியானால் ஓ.ஆர்.எஸ். கொடுக்கச் சொல்கிறார்கள். தண்ணீர்தானே போகிறது, வெறும் தண்ணீர் கொடுத்தால் என்ன? பொட்டலத்தைப் பாதி தண்ணீரில் கெட்டியாகக் கரைத்தால் சீக்கிரம் குணமாகுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பேதியில் தண்ணீரோடு உப்பும் போகிறது, முதலில் வற்றுவது செல்லுக்கு வெளியே உள்ள நீர், அதாவது ரத்த ஓட்டத்தைத் தாங்கும் பகுதி. வெறும் தண்ணீர் கொடுத்தால் அது செல்லுக்குள் போய்விடும், ரத்த ஓட்டத்துக்குக் கிடைப்பது கொஞ்சம்தான், சோடியமும் சரியும். கெட்டியாகக் கரைத்தால் நேர் எதிர். குடலுக்குள் அடர்த்தி கூடி உடம்பிலிருந்தே நீரை இழுக்கும், பேதி கூடும். உள்ளே சேரும் உப்பு சோடியத்தை ஏற்றி மூளை செல்களைச் சுருக்கும்.

சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும் ஒரு வழி இருக்கிறது, பேதியின்போதும் அது பெரும்பாலும் கெடுவதில்லை. அவை போகும்போது நீரும் பின்னாலேயே போகிறது. 2002-லிருந்து உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கலவையில் லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸ் 75, மொத்த அடர்த்தி 245. ரத்தத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வைத்திருப்பது நீர் உள்ளே போக வசதியாக இருக்கத்தான். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அதே அளவு, கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இதில் அவகாசம் குறைவு. 70 கிலோ பெரியவர் 42 லிட்டர் நீரில் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் போல மாற்றுகிறார். 10 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தம் 6 லிட்டர் நீர், நாளொன்றுக்குத் தேவை 1 லிட்டர். பேதி வந்தால் எவ்வளவு சீக்கிரம் வற்றிவிடும் என்று பாருங்கள். குழந்தை சோர்ந்துபோய் எழுப்பினாலும் விழிக்காவிட்டால், குடிக்க மறுத்தால், பல மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால் வீட்டில் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குச் சாதாரண நாளில் வெறும் தண்ணீரே தேவையில்லை, பாலில் இருக்கும் நீர் போதும்.

கேள்வி: கடலில் மாட்டிக்கொண்டவர்கள் கடல்நீரைக் குடிக்கக் கூடாது என்கிறார்கள். கொஞ்சமாவது தண்ணீர் கிடைக்குமே? (பள்ளி மாணவி)

பதில்: நல்ல கேள்வி கண்ணு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அடர்த்தி 1000 மில்லிஆஸ்மோலுக்குக் குறையாது. மனிதச் சிறுநீரகம் எவ்வளவு முயன்றாலும் சிறுநீரை 1200-க்கு மேல் கெட்டியாக்க முடியாது. 1200-க்கு 1000 குறைவுதானே, சமாளித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் யூரியா போன்ற அன்றாடக் கழிவுகளே நாளொன்றுக்கு 600 போல இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து 1600. அதை வெளியேற்ற 1600-ஐ 1200-ஆல் வகுத்தால் 1.3 லிட்டர் சிறுநீர் வேண்டும். ஒரு லிட்டர் குடித்து 1.3 லிட்டர் இழக்கிறோம், அந்தக் கூடுதல் நீர் பெரும்பாலும் செல்களிலிருந்துதான் வரும். கடல்நீரில் உள்ள மெக்னீசியமும் சல்ஃபேட்டும் பேதியையும் கொண்டுவரும்.

கேள்வி: தாகம் எடுத்த பிறகு தண்ணீர் குடித்தால் அது தாமதம் என்கிறார்களே, உண்மையா? என் வயது 68.

பதில்: ஆரோக்கியமான நடுவயதுக்காரருக்கு உண்மையில்லை. அடர்த்தி இரண்டு சதவீதம் கூடுவதற்குள் தாகம் வந்துவிடும், அது ஆபத்தான அளவுக்கு மிகவும் கீழே. உங்கள் வயதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தாக உணர்வு மழுங்கும், சிறுநீரைக் கெட்டியாக்கும் திறன் குறையும், தசை குறைவதால் உடம்பின் மொத்த நீரும் எடையில் 60 சதவீதம் என்பதிலிருந்து 50 பக்கம் இறங்கிவிடும். அதனால் வெயிலிலும் காய்ச்சலிலும் தாகத்தை மட்டும் நம்பாமல், சாப்பாட்டு வேளைகளிலும் இடையிலும் நேரம் வைத்துக் குடியுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் இன்னும் ஒரு டம்ளர் சேர்த்துக்கொள்ளுங்கள். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து எடுப்பவராக இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.